பழைய இங்கிலீஷ் கார்களில் மீட்டர் வெளிச்சம் ஏன் மங்கல்?

லூகாஸ் ஸ்விட்சுக்கு மூன்று நிலை உண்டாம்: அணைந்திருக்கும், மங்கலாக எரியும், மினுக்கும். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், பத்து நிமிஷத்துக்குள் இந்த ஜோக் வந்துவிடும். கூடவே, கம்பெனியைத் தொடங்கிய ஜோசஃப் லூகாஸுக்கு 'இருளின் இளவரசன்' என்ற பட்டமும் வரும். பாவம் மனுஷன். 1870களில் பர்மிங்ஹாமில் விளக்கு விற்றுப் பிழைத்தவர். சைக்கிளில் மாட்டும் எண்ணெய் விளக்கைச் செய்து, அதற்கு 'கிங் ஆஃப் தி ரோட்' என்று பெயர் வைத்துப் பணம் பார்த்தவர். வெளிச்சம் விற்ற ஆளுக்கு இருட்டின் பட்டம்.

இந்த ஜோக்குக்குத் தினசரி தீனி போடுவது ஹெட்லைட்டோ பிரேக் லைட்டோ இல்லை. டேஷ்போர்டு மீட்டர்களின் உள்ளே எரியும் சின்ன பல்புகள்தான். 1950, 60களின் மோரிஸ், ட்ரையம்ஃப், எம்.ஜி. கார்களில் ராத்திரி போகும்போது ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். குனிந்து பார்க்கிற அந்த ஒரு விநாடியில் கார் மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால் 27 மீட்டர் கடந்திருக்கும். எண்ணெய் அழுத்தம் விழுந்ததையோ, தண்ணீர் கொதிப்பதையோ கவனிக்காமல் விட்டால் இன்ஜினே போய்விடும். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியவில்லை. கொஞ்சம் துருவிப் பார்ப்போம் என்று உட்கார்ந்ததன் விளைவு இந்தக் குறிப்பு. நேரடியாகப் பல்பை மாற்றப் புறப்படுவதற்கு முன்னால், இந்த மங்கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அதில் ஒரு பகுதி கோளாறே இல்லை. வேண்டுமென்றே செய்தது.

'டேஷ்போர்டு' என்ற சொல்லே கார் பிறப்பதற்கு முந்தியது. குதிரை வண்டியில் ஓட்டுபவரின் கால் பக்கம் ஒரு பலகை நிறுத்தியிருப்பார்கள். குதிரைக் குளம்பு வாரியடிக்கும் சேறும் கல்லும் மேலே தெறிக்காமல் இருப்பதற்கு. குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் பலகை அங்கேயே நின்றது. அதில்தான் ஒவ்வொரு கருவியாகக் கொண்டுவந்து அறைந்தார்கள். ஆரம்பத்தில் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபோர்டு மாடல் டி-யில் 1919இல் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்த பிறகு ஒரு ஆம்மீட்டர் சேர்ந்தது, ஏறக்குறைய அதுதான் மொத்த டேஷ்போர்டு. முன்விளக்கே கார்பைடு கேஸில் எரிந்த காலத்தில் மீட்டருக்குத் தனி வெளிச்சம் யார் கேட்டார்கள்?

இரண்டு விஷயங்கள் இதை மாற்றின. ஒன்று சட்டம். பிரிட்டனில் 1903ஆம் வருஷத்து மோட்டார் கார் சட்டம் வேக உச்சவரம்பை மணிக்கு 20 மைலாக வைத்தது. வரம்பு என்று ஒன்று இருந்தால் போலீஸ் இருக்கும், போலீஸ் இருந்தால் 'நான் அவ்வளவு வேகமாப் போகலீங்க' என்று சொல்ல ஆதாரம் வேண்டும். லண்டனில் கடிகாரமும் நகையும் விற்றுக்கொண்டிருந்த எஸ். ஸ்மித் அண்ட் சன்ஸ் ஸ்பீடோமீட்டர் பக்கம் வந்தது இந்தச் சூழலில்தான். கடிகாரக்காரர்களுக்கு முள்ளும் முகப்பும் புதுசா என்ன? இரண்டாவது, மின்சாரம். 1912இல் காடிலாக் கார் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் எலக்ட்ரிக் விளக்குமாக வந்தது, சார்லஸ் கெட்டரிங்கின் வேலை. பேட்டரியும் டைனமோவும் காரிலேயே வந்துவிட்ட பிறகு, டேஷ்போர்டுக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி போட்ட பல்பை மாட்டுவது பெரிய காரியமில்லை. தேவைப்பட்டால் ஓட்டுபவர் கை நீட்டிப் போட்டுக்கொள்வார்.

இடையில் இன்னொரு வழியும் இருந்தது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பல்பே வேண்டாம், எண்களே ஒளிரட்டும் என்ற வழி. 1898இல் கியூரி தம்பதி கண்டுபிடித்த ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடுடன் கலந்தால் இருட்டில் தானாக ஒளிரும் பெயின்ட் கிடைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கைக்கடிகாரங்களுக்கும் விமானக் கருவிகளுக்கும் அது கிராக்கியாக ஓடியது. பிறகு 1920, 30களின் சில கார் மீட்டர்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு என்ற ஊரில் யு.எஸ். ரேடியம் கார்ப்பரேஷன் 'அன்டார்க்' என்ற பெயரில் அந்தப் பெயின்ட்டைச் செய்தது. முகப்புகளில் எண் எழுதிய இளம்பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த உத்தி: பிரஷ் நுனி கூர்மையாக உதட்டில் வைத்து உருட்டு. அப்படி உருட்டிய பெண்களுக்குத் தாடை எலும்பு அழுகியது, பலர் செத்தார்கள். கிரேஸ் ஃப்ரையரும் இன்னும் நான்கு பெண்களும் வழக்குப் போட்டு 1928இல்தான் சமரசத் தொகை கிடைத்தது.

இந்தக் கதையை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், போருக்கு முந்திய கார் ஒன்றின் 'ஒளிராத' மீட்டரை யாராவது திறந்து சுரண்ட ஆரம்பித்தால் ஆபத்து. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். கெட்டுப்போவது ஒளிரும் துத்தநாக சல்ஃபைடுதான், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். வெளிச்சம் செத்துவிட்டது என்பதற்காக விஷமும் செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எண்களின் மேல் பழுப்பு நிறத்தில் தடித்த, நொறுங்கும் பெயின்ட் இருந்தால் அந்த மீட்டரைக் கண்ணாடியோடு மூடியபடியே விட்டுவிடுங்கள். தூள் மூச்சில் போவதுதான் பிரச்சினை.

சரி, நம் 1950, 60களுக்கு வருவோம். அப்போது ஸ்மித்ஸ் மீட்டர்கள் கிட்டத்தட்ட எல்லா பிரிட்டிஷ் கார்களிலும் இருந்தன. விளக்கு, ஸ்விட்ச், டைனமோ எல்லாம் லூகாஸ். இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவே ஒருவர் தொழிலில் மற்றவர் கைவைப்பதில்லை என்ற உடன்பாடு இருந்தது: கருவி உனக்கு, விளக்கும் இக்னிஷனும் எனக்கு. இரண்டு பேரும் அவரவர் துறையில் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தார்கள் என்றால், 1963இல் பிரிட்டனின் ஏகபோக ஆணையம் கார் மின்சாதனத் தொழிலைப் பற்றித் தனி அறிக்கையே போட வேண்டியிருந்தது. மீட்டர் விளக்கு என்பது சரியாக இந்த இரண்டு ராஜ்யங்களின் எல்லையில் இருக்கும் பொருள். டப்பா ஸ்மித்ஸுடையது, உள்ளே எரிவது லூகாஸுடையது. வெளிச்சம் குறைந்தால் திட்டு மட்டும் முழுக்க லூகாஸுக்கு. எனக்கென்னவோ அது நியாயமாகப் படவில்லை.

ஏன் என்று பார்க்க ஒரு ஸ்மித்ஸ் மீட்டரின் உள்ளே போக வேண்டும். அது ஒரு தகர டப்பா. டப்பாவின் வாயில் கறுப்புத் தகடு, அதில் வெள்ளை எண்கள். பல்பு தகட்டுக்குப் பின்னால். தகடு ஒளி புகாதது. அப்படியென்றால் வெளிச்சம் எப்படி முன்னால் வரும்? தகட்டின் விளிம்புக்கும் டப்பாவின் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் சின்ன இடைவெளி வழியாக. பல்பின் வெளிச்சம் டப்பாவின் உள்சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து, ஓரமாகக் கசிந்து, எண்களின் மேல் சாய்வாக விழ வேண்டும். அதற்காகவே டப்பாவின் உள்பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்திருப்பார்கள். பல மாடல்களில் வழியில் பச்சை அல்லது நீலப்பச்சை ஃபில்டர் ஒன்றும் இருக்கும். இவ்வளவையும் தாண்டி வரும் வெளிச்சத்துக்கு மூலதனம் எவ்வளவு? லூகாஸ் 987 என்ற திருகு பல்பு, 12 வோல்ட், 2.2 வாட். அகல் விளக்கைக் குடத்துக்குள் வைத்தது மாதிரிதான்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட வேண்டாம். அந்தக் காலத்து ஹெட்லைட்டே இன்றைய கணக்கில் மங்கல். ஊருக்கு வெளியே தெரு விளக்கு கிடையாது. ஓட்டுபவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். கண் முழுதாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு பிரகாசமான விளக்கு போதும். டேஷ்போர்டு பளிச்சென்று இருந்தால் அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து ரோட்டையும் மறைக்கும். அதனால்தான் மங்கலாக, ஓரமாகக் கசியும் வெளிச்சம். பச்சைக்கும் காரணம் சொல்லலாம்: குறைந்த வெளிச்சத்தில் கண்ணின் கோல் செல்கள் நீலப்பச்சைக்குத்தான் அதிகம் விழித்துக்கொள்ளும். ஆனால் கோல் செல்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை, ஆகவே சிவப்பு வெளிச்சத்தில் படித்தால் இருட்டுப் பழக்கம் கெடாது என்பது எதிர்க்கட்சி வாதம். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் விமானங்களிலும் சிவப்பு விளக்கு வைத்தது அதனால்தான். பின்னாளில் ஜெர்மன் கார்கள் சில ஆரஞ்சு, சிவப்பு பக்கம் போயின. பச்சைக் கட்சிக்கு ஒரு நஷ்டம் உண்டு. டங்ஸ்டன் பல்பு தரும் வெளிச்சத்தில் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம். பச்சை ஃபில்டர் அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடும். இருக்கிற 2.2 வாட்டில் பெரும்பகுதி வீணாகப் போகிறது.

அதே சமயம் அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் நடந்த கூத்தைப் பார்த்தால்தான் இங்கிலீஷ்காரர்களின் சிக்கனம் புரியும். 1960ஆம் வருஷத்து கிறைஸ்லர் இம்பீரியலில் மீட்டருக்குப் பல்பே கிடையாது. பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ 1936இல் எழுதி வைத்த மின்ஒளிர்வை சில்வேனியா கம்பெனி தகடாகச் செய்து கொடுக்க, எண்களும் முள்ளும் தாங்களே ஒளிர்ந்தன. அதற்கு 200 வோல்ட்டுக்குப் பக்கமான மாறுமின்சாரம் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதைச் செய்ய டேஷ்போர்டுக்குப் பின்னால் தனி டப்பா. பார்க்க அவ்வளவு அழகு. அந்த டப்பா போச்சு என்றால் மொத்தமும் இருட்டு, மங்கல்கூட மிஞ்சாது. அந்த வகையில் லூகாஸ் தேவலாம்.

இப்போது கோளாறு பக்கம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்: 1962இல் ஆபிங்டனில் உற்பத்தி தொடங்கிய எம்.ஜி.பி. அதன் முதல் ஐந்து வருஷ மாடல்கள். பேட்டரி பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும், அதாவது பாசிட்டிவ் எர்த். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால். அங்கிருந்து நீளமான கேபிள் முன்னால் வந்து, விளக்கு ஸ்விட்ச், அதிலிருந்து பேனல் விளக்கின் ரியோஸ்டாட், அதிலிருந்து சிவப்பு மேல் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் ஒவ்வொரு மீட்டருக்கும். லூகாஸ் ஒயர்களின் நிற ஒழுங்கைச் சும்மா சொல்லக்கூடாது: பழுப்பு என்றால் பேட்டரி, வெள்ளை என்றால் இக்னிஷன், சிவப்பு என்றால் பக்க விளக்கு, கறுப்பு என்றால் எர்த். அறுபது வருஷம் கழித்துத் திறந்தாலும் கதை படிக்கலாம், நடுவில் யாரும் கைவைக்காமல் இருந்தால்.

மின்சாரம் திரும்பும் வழிதான் வேடிக்கை. பல்பு ஹோல்டர் மீட்டர் டப்பாவில் அழுத்திச் செருகியது. அதன் உடம்பு டப்பாவைத் தொட வேண்டும். டப்பாவை டேஷ்போர்டில் பிடித்து வைக்கும் வளைந்த பட்டை ஒன்று, அதை இறுக்கும் சொரசொரப்பான நட்டு, நட்டுக்கு அடியில் கறுப்பு ஒயர். கறுப்பு ஒயர் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்குத் தாவித் தாவிப் போய்க் கடைசியில் எங்கோ பாடியில் முடியும். ஒவ்வொரு தொடுமிடத்திலும் அறுபது வருஷத் துரு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வோல்ட் கரையும்.

'கொஞ்சம்தானே' என்று விடுவதற்கில்லை. டங்ஸ்டன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறையாது. சுமார் 3.4 மடி அடுக்கில் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பல்பு, மொத்தம் 8.8 வாட், 12 வோல்ட்டில் 0.73 ஆம்பியர். வழியில் துரு காரணமாக 2 ஓம் தடை சேர்ந்தால் பல்புக்குக் கிடைப்பது சுமார் 10.7 வோல்ட். வோல்ட்டில் போனது பத்தில் ஒரு பங்கு சொச்சம். வெளிச்சத்தில் போனது மூன்றில் ஒரு பங்கு! இரண்டு ஓம் என்பது ஒரு கறுத்துப்போன ரியோஸ்டாட் தனியாகவே தரக்கூடியது. அந்த ரியோஸ்டாட் ஒரு கம்பிச் சுருள், அதன் மேல் ஓடும் ஒரு தகட்டு நாக்கு. முழு வெளிச்சத்தில் திருப்பி வைத்து வருஷக்கணக்கில் யாரும் தொடாததால் நாக்கு நிற்கிற இடத்திலேயே பாசி பிடித்தது போலக் கறுத்திருக்கும்.

இதே கணக்கு இன்னொரு புதிரையும் அவிழ்க்கும். சிக்னலில் நின்றால் மங்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று வரும் என்று சொல்வார்கள். முதல் மாடல்களில் லூகாஸ் சி40 டைனமோ, உச்சபட்சம் 22 ஆம்பியர். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது அது பேட்டரிக்கு எதுவும் தராது. பேட்டரி மட்டும் 12 வோல்ட்டில் சுமக்கும். ஓட்டம் எடுத்ததும் 14 வோல்ட். 12க்கும் 14க்கும் நடுவே வெளிச்சம் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடும். அது கோளாறில்லை, டைனமோவின் சுபாவம்.

ஆகவே பல்பைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜினை அணைத்து, விளக்கைப் போட்டு, ரியோஸ்டாட்டை முழுசாகத் திருப்பி, பேட்டரியில் வோல்ட் பாருங்கள். பிறகு ஒரு பல்பு ஹோல்டரில், எரிகிற நிலையிலேயே, நடு முனைக்கும் ஹோல்டர் உடம்புக்கும் நடுவே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருடன் வழியில்தான் இருக்கிறான். ரியோஸ்டாட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு தடவை, மீட்டர் டப்பாவுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே ஒரு தடவை அளந்தால் யார் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் இருவரும் கூட்டாளிகள். ரியோஸ்டாட்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் சுழற்றினாலே பாதி உயிர் வந்துவிடும். வராவிட்டால் அதன் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இணைத்து அதைத் தாண்டிவிடலாம். எப்படியும் இந்த வெளிச்சத்தை இன்னும் குறைக்க யாரும் ஆசைப்படப் போவதில்லை. எர்த்துக்கு, ஒவ்வொரு மீட்டரின் பட்டையையும் நட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு ஒயரின் கடைசி முனையைப் புதிதாக ஒரு சுத்தமான இடத்தில் முறுக்குங்கள். டேஷ்போர்டு இரும்பாச்சே, தானாக எர்த் ஆகிவிடாதா என்று கேட்கலாம். அதன் மேல் பெயின்ட் இருக்கிறது, அது இன்சுலேஷன்.

பலர் இந்த இடத்தில் 'வோல்டேஜ் ஸ்டெபிலைசர்' மேல் பழி போடுவார்கள். 1964 வாக்கிலிருந்து இந்தக் கார்களில் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் உண்டு, உண்மை. அது பெட்ரோல் கேஜ் மாதிரியான கருவிகளின் முள்ளுக்கு. விளக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒயரிங் சரியாகியும் மங்கல் தீரவில்லையென்றால்தான் டப்பாவைத் திறக்கிற வேலை. இங்கே அவசரம் கூடாது. முதல் மாடல் எம்.ஜி.பி.யின் எண்ணெய்-தண்ணீர் இரட்டை மீட்டரில் ஒயர் மட்டும் இல்லை. ஒரு எண்ணெய்க் குழாய் இருக்கும், அதோடு இன்ஜின் வரைக்கும் போகிற, ஈதர் நிரப்பிய முடி போன்ற மெல்லிய குழாய் ஒன்று. அதை இழுத்து மடக்கினால் தண்ணீர் மீட்டர் அத்தோடு சரி. இந்த ஒரு மீட்டரை மட்டும் ஆளைத் தேடிப் பிடித்துச் செய்வதே உத்தமம். மற்றவற்றில் முன்வளையத்தைத் திருப்பினால் கழன்று வரும். உள்ளே பார்த்தால் வெள்ளை பெயின்ட் பழைய பேப்பர் மாதிரி மஞ்சளாகியிருக்கும். அதன் மேல் தூசி. பல்பின் கண்ணாடியிலும் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்த கறுப்பு. தகட்டையும் முள்ளையும் தொடாமல் டப்பாவின் உள்சுவருக்கு மட்டும் மேட் வெள்ளை அடித்தால் கிடைக்கும் வித்தியாசம் ஆச்சரியமானது. வெள்ளிக் காகிதம் ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளை வெளிச்சத்தைப் பரப்பும், வெள்ளிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஓரிரு இடத்தில் குவித்து அடிக்கும். 30 மட்டும் ஜொலித்து 70 இருட்டில் கிடக்கும்.

இனி ஃபில்டர் விவாதம். பச்சையைக் கழற்றிவிட்டால் வெளிச்சம் சட்டென்று கூடும், ஆனால் மஞ்சளாக. அசல்தன்மை பேசுகிறவர்கள் இதைக் குலத்துரோகம் என்பார்கள். மறுபக்கம், 'நான் ஷோவுக்குப் போகலை, வீட்டுக்குப் போறேன்' என்பார்கள். கழற்றுவது திரும்பச் சேர்க்கக்கூடிய மாற்றம் என்பதால் எனக்கு இதில் பெரிய பாவம் தெரியவில்லை. 2.2 வாட்டுக்குப் பதில் 4, 5 வாட் பல்பு போடுவதுதான் பாவம். சூடு வெளியே போக வழியில்லாத டப்பா அது. ஃபில்டர் சுருங்கும், தகட்டின் பெயின்ட் கருகும், ரியோஸ்டாட்டும் சுடும். அதைத் திருப்ப முடியாது.

எல்.ஈ.டி. போடலாமா? போடலாம், நான்கு விஷயம் யோசித்துவிட்டு. பாசிட்டிவ் எர்த் காரில் சாதாரண எல்.ஈ.டி. பல்பு திருப்பி மாட்டியதற்குச் சமம், எரியாது. இரு பக்கமும் எரியும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். நுனியில் மட்டும் ஒளி விடுகிற பல்பு இந்த டப்பாவுக்கு ஆகாது. இங்கே சுவரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்தான் வேலை செய்கிறது, ஆகவே பக்கவாட்டில் ஒளி விடுவது வேண்டும். எல்.ஈ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, ரியோஸ்டாட் அதை மங்கச் செய்யாது. கடைசியாக, உற்சாகத்தில் இக்னிஷன் எச்சரிக்கை விளக்கையும் மாற்றிவிடாதீர்கள். 1967க்குப் பிந்தைய எம்.ஜி.பி.யில் டைனமோ போய் லூகாஸ் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, எர்த்தும் நெகட்டிவ் ஆகிவிட்டது. அந்தச் சிவப்பு பல்பு வழியாகப் போகிற மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்பிவிடுகிறது. எல்.ஈ.டி. போட்டால் அது போதாமல் போகலாம். மீட்டர் பளிச்சென்று தெரியும், பேட்டரி சார்ஜ் ஆகாது!

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை என்று நாம் தள்ளி நிற்க முடியாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைதான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆகி 2014 வரை வந்தது. ட்ரையம்ஃப் ஹெரால்டு 1961இலிருந்து சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. அதே 1961இல் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கினார்கள். இன்றைக்கும் 'லூகாஸ்' என்றால் சென்னைக்காரர்களுக்கு ஒரு பஸ் நிறுத்தமும் ஒரு மேம்பாலமும்தான் ஞாபகம் வரும், இருட்டு இல்லை. இங்கே யாரும் அந்தப் பெயரை வைத்து ஜோக் அடித்து நான் கேட்டதில்லை. நம் மெக்கானிக்குகளுக்கு நோய் வேறு பெயரில் தெரியும்: 'பாடி எர்த் வரலை சார்.' ஒரே வரி. மூன்று நிலை ஸ்விட்ச் ஜோக்கைவிட இதில் விஷயம் அதிகம்.

கடைசியாக, மல்டிமீட்டரில் தெரியாத ஒரு காரணம் மிச்சமிருக்கிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும், அந்த டப்பாவின் உள்பெயின்ட் மாதிரியேதான். 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் வெளிச்சம் 20 வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். 1965இல் இந்தக் கார்களை வாங்கியவர்களில் இளவட்டங்கள் அதிகம். இன்று வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். முன்பெல்லாம் நன்றாகத் தெரிந்தது என்று அவர்கள் சொன்னால் பொய்யில்லை. அதே பல்பு, அதே 12 வோல்ட், வேறு கண். ஒயரிங்கை எல்லாம் புதுப்பித்து, அளந்து, பேட்டரியில் இருப்பது அப்படியே பல்பிலும் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் முள் தெரியவில்லையென்றால் பச்சையைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டர்களை ஒரு கவரில் போட்டு, எந்த மீட்டருக்கு எது என்று எழுதி, கிளவ் பாக்ஸில் வைத்துவிடுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குகிறவருக்கு முப்பது வயதாக இருக்கலாம்.